கிழியாத சட்டைக்கை

இன்று காலை பர்ச்சேஸில் என் மேஜைமேல் புதுச் சட்டை ஒன்று கிடந்தது. யூனிஃபார்முக்கான மாதிரி, கஞ்சி வாசனை போகவில்லை. கொண்டுவந்தவர் நம்ம பழைய ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். ரிட்டயராகி, இப்போது துணி சப்ளை செய்கிறாராம். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. ஆறு வருஷமாக இந்த ஆளுக்காகத்தான் காத்திருந்தேன்.

கார்கில் சண்டை வருஷம். அதைச் சாக்கு வைத்து கம்பெனி புதுச் சட்டை தருவதை நிறுத்தியிருந்தது. கை கிழிந்த சட்டையைத் தூக்கிக்கொண்டு நீ அவர் முன்னால் போய் நின்றாய். கிழிசலுக்குள் விரலை விட்டு ஆட்டினார். "பார்டர்ல புள்ளைங்க செத்துக்கினு கீறாங்க, உனக்குப் புது சொக்கா கேக்குதா? ஒட்டுப் போட்டுக்கோ." மெஷின் துடைக்கிற வேஸ்ட் துணியில் ஒரு துண்டை உன்மேல் விட்டெறிந்தார். நம் அறைக்கு வந்து நீ சிரித்தாய். "நம்ம சட்டையத்தான் பட்டாளத்துக்கு அனுப்புறாங்க போல மாப்ள."

ஒட்டுப் போட்டாய். ஒரே வாரத்தில் அந்தச் சட்டைக்கை டிரில்லிங் மெஷினில் சுற்றியது. சாதா நூல்; பட்டென்று பிரிந்து துணி மட்டும் போனது, நீ தப்பினாய். அதைப் பார்த்துவிட்டு நான் என்ன சொன்னேன்? தையலில் பலமில்லை என்றேன். டிப்ளமோ மூளை. மூட்டை தைக்கிற நைலான் நூல்கண்டை பேக்கிங் செக்‌ஷனிலிருந்து எடுத்து வந்தேன். "இதுல தைடா. ஆள் தொங்கினாலும் அறாது."

அடுத்த தடவை அறவில்லை. துணியோடு உன்னையும் இழுத்தது. ஆம்புலன்ஸ் தண்டலம் தாண்டுவதற்குள் நீ போய்விட்டாய்.

விசாரணையில் அவர், "அவன் சட்டை கேக்கவே இல்ல" என்றார். தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதி மூடினார்கள். நீ கேட்டது எனக்குத் தெரியும். வாயைத் திறந்தால் நூல் யார் கொடுத்தது என்று வரும். திறக்கவில்லை.

இன்று, நான் பத்திரமாக வைத்திருந்த உன் இன்னொரு சட்டையை என் லாக்கரிலிருந்து எடுத்து, அவருடைய புதுச் சட்டைமேல் போட்டேன். அதிலும் அதே தையல். டிரில்லிங் மெஷினில் செத்தவன் சட்டை என்றேன்.

"இதப் போட்டுக்கிட்டு டிரில்லிங் மெஷின்கிட்ட நில்லுங்க சார். ஆன் பண்ண மாட்டேன்."

தையலைத் தடவினார். முகம் செத்துப்போனது. "இது நைலானாச்சேப்பா. எவன் குடுத்தான்?"

"நான். சட்டை இல்லைன்னது நீங்க. எழுதுங்க."

"எழுதினா ஆர்டர் குடுப்பியா?"

"எழுதுங்க சார்."

எழுதினார். அவன் கேட்டான், நான் தரவில்லை என்று கையெழுத்துப் போட்டார். பிறகு ஆர்டர் பற்றி இழுத்தார். அவர் உனக்கு எறிந்தது போலவே மாதிரிச் சட்டையை அவர்மேல் எறிந்தேன். "இதுல ஒட்டுப் போட்டு உடுத்துங்க" என்றேன். பொறுக்கிக்கொண்டு போனார். நன்றாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

ஒரு காப்பி ஆபீசுக்கு. ஒன்று உன் அம்மாவுக்கு. சாத்தூருக்கு நானே எடுத்துப் போகிறேன். இன்சார்ஜ் கையெழுத்துக்குக் கீழே நூல் விஷயத்தை எழுதி நானும் போட்டிருக்கிறேன். அம்மா முதல் கையெழுத்தோடு நிறுத்திவிட்டு, "சாப்டுறியாய்யா?" என்று கேட்கக்கூடும். அந்த நைலான் நூல்கண்டு என் பையில் இருக்கிறது. அதை அம்மா கையில் வைத்து, மீதியையும் படிக்கச் சொல்வேன்.