மச்சான், கற்பிட்டிப் படகை விட்டது சரிதான்

மச்சான்,

குசினியில் அரிசி டிரம்மின் மேல் பேத்தியின் கல்லூரிப் புத்தகம் ஒன்று கிடக்கிறது. அட்டையில் பூமி உருண்டை, உள்ளே கருவாட்டு வாடை. ‘சர்வதேச உறவுகள்’ என்று மேலே போட்டிருக்கிறது. யாரும் சொல்லித் தெரியவில்லை, நானே வாசித்தேன். சிரிக்காதே. சரி, சிரித்துக்கொள். போன தவக்காலத்தில் முதியோர் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். இப்போது கடைப் பலகை, பஸ் பலகை, படகின் மூக்கில் எழுதியிருக்கிற பெயர் எதையும் விடுவதில்லை. உன் கல்லறைக் கல்லையும் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டேன். ‘சாந்தமானவர்’ என்று வெட்டியிருக்கிறார்கள். யாரைக் கேட்டு வெட்டினார்களோ!

உன் தங்கச்சி தலையில் கை வைத்துவிட்டாள். “மாதாவே, இந்த மனுசன் வாயையே தாங்க முடியாது. இப்பம் எழுத்தும் வந்துட்டு. நான் எங்கன போவேன்?” என்கிறாள்.

அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம் வாசிக்க எனக்கு நாள் கணக்கில் ஆகிறது. மெதுவாக வாசிப்பதில் ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்ல நேரம் கிடைக்கிறது. நாடுகளுக்கு மேலே கேட்க ஆள் கிடையாதாம். அதனால் ஒரு நாடு இன்னொரு நாட்டை நம்ப முடியாதாம். ஒவ்வொன்றும் தன் நலனைத்தான் பார்க்குமாம். கையில் கிடைத்த பிடியை விடுகிற நாடு ஏமாந்து போகுமாம். இந்தக் கடைசி வரியில் புத்தகத்தை மூடிவிட்டேன். ‘தேசிய நலன்’ என்ற சொல்லை நான் முதலில் கேட்டது எழுத்தில் இல்லை. நம் கரையில், உன் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டேன்.

இந்தியா, இலங்கை இரண்டு சர்க்காரும் கடலில் கோடு போட்ட புதிது. என் தம்பியும் அவனோடு போன மூன்று பேரும் கோட்டைத் தாண்டிவிட்டார்கள் என்று அக்கரையில் பிடித்து வைத்திருந்தார்கள். எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அம்மா சாப்பாட்டைத் தொடவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு காலையில் நீயும் நானும் வலை இழுக்கப் போன இடத்தில் அந்தப் படகு கிடந்தது. அக்கரைக் கற்பிட்டிப் படகு. மோட்டார் நின்று, நீரோட்டத்தில் இழுபட்டு வந்திருக்கிறது. மூன்று பேர். மூத்தவன் கழுத்தில் மாதா படம் தைத்த உத்திரியம் கிடந்தது, என் பெரியப்பா போட்டிருப்பாரே, அதே மாதிரி. உதடு வெடித்துப் போயிருந்தது. “அண்ணே, தண்ணி” என்றான். கட்டி இழுத்து வந்தோம்.

கரையில் கூட்டம் கூடிவிட்டது. நீ அவர்களுக்குக் கஞ்சியும் சுட்ட மீனும் வைத்தாய்.

“நம்ம பயலுவ அங்கன உப்பில்லாத சோறு திங்கானுவ, இவனுவளுக்கு இங்கன விருந்தாவே?” என்று படகு முதலாளி ஒருவர் கத்தினார்.

“ஒம்ம வீட்டு மீனா அண்ணாச்சி? எம் மீனு. வேணும்னா நீரும் ஒரு துண்டு தின்னும்” என்றாய். கோபத்திலும் நாலு பேர் சிரித்தார்கள்.

அதற்குள் அதிகாரி வந்தார். இளவயது, மரியாதையாகப் பேசினார். அவரை நான் இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன். “இவங்க நம்ம கையில இருந்தா, நம்ம ஆட்களைக் கேட்கிறதுக்கு ஒரு பிடி இருக்கும். தேசிய நலன்னு ஒண்ணு இருக்கு, அண்ணே. மத்தியானம் ஜீப்போட வாரேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். கரை மொத்தமும் அவர் பக்கம். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மூன்று பேருக்கு நாலு பேர். என் தம்பி அந்த நாலில் ஒருவன்.

நீ என்னைத் தனியே ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் கூட்டிப் போனாய்.

“மாப்ளே, சங்குக்குளியில நீ கடலுக்குள்ள முங்கும்போது ஒங் கயித்த ஏன் எங்கிட்ட குடுத்த? ஒம் மேல எனக்குப் பாசம்னா?”

“கெடையாது. நான் செத்தா உன் தங்கச்சி தாலி போகும். அதான் மச்சான் கையில கயித்தக் குடுக்குறது வழக்கம்.”

“அப்பம் அது என் நலன். அந்த ஆபீசர் சொல்லுததும் அதான், தப்பில்ல. ஆனா கயித்த இறுக்கிப் பிடிச்சா நீ முங்குவியா? விட்டு விட்டுத்தான பிடிச்சேன். இந்த மூணு பேரையும் நாம இறுக்குனா, அங்க ஒந் தம்பிய அவனுவ இறுக்குவானுவ. யாராவது ஒருத்தன் முதல்ல கயித்த விடணும்.”

“நாம விட்டு, அவன் விடாட்டி?”

“ஏமாளின்னு சொல்லுவானுவ. சொல்லட்டுமே. ஆனா ஒந் தம்பி. நீ வேண்டாம்னா நான் விட மாட்டேன். சொல்லு.”

ஐஸ் பெட்டிக்கு மேலாக வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தேன். அம்மா வீட்டு வாசலில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “விடு” என்றேன். என் வாயால்தான் சொன்னேன். அதை உன் தலையில் போட எந்தக் காலத்திலும் நான் யாரையும் விட்டதில்லை.

ஜீப் வருமுன்னே மோட்டாரை நீயே பிரித்து, கழுவி, ஓட வைத்தாய்; கரை கத்தியது, குறுக்கே யாரும் வரவில்லை. கோடு வரைக்கும் கூடவே போனோம். கோடு எங்கே இருக்கிறது என்று தண்ணீரில் தெரியுமா என்ன? குத்துமதிப்பாக ஓர் இடத்தில் நின்று, கையை ஆட்டிவிட்டுத் திரும்பினோம்.

கரையில் ஜீப் நின்றது. உன்னை ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது சட்டைப் பொத்தான் ஒன்றுகூட இல்லை. என்ன கேட்டார்கள் என்றேன். “எந்த நாட்டுக்காரன்னு கேட்டாவ. இந்த நாட்டுக்காரன்தான், அதனாலதான் இந்த நாட்டுக்கு நல்லது செஞ்சேன்னேன். அதுக்கு ரெண்டு விழுந்துது” என்றாய். பிறகு டீ கேட்டாய்.

அம்மா என்னோடு பேசவில்லை. கடையில் கடன் கேட்டால் “கற்பிட்டியில போய்க் கேளு” என்றார்கள். உன் தங்கச்சி தண்ணீர்க் குழாயடியில் ஒற்றையாய் நின்று எல்லோருக்கும் பதில் சொன்னாள். அவள் வாயைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மழைக்காலம் முடிந்துதான் தம்பி வந்தான். எதனால் விட்டார்கள்? டெல்லி பேசியதால் என்றார்கள். பண்டிகை வந்ததால் என்றார்கள். நாம் படகை விட்டதால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். தெரியாததைச் சொல்லக் கூடாது. தம்பி ஒன்று மட்டும் சொன்னான். ஒருநாள் சுவருக்கு வெளியே யாரோ நின்று, “எங்கட ஆக்கள் வீட்ட வந்திட்டினம், உங்கட ஊரில சோறு தந்தவையாம்” என்று சத்தம் போட்டானாம். அன்றிலிருந்து உள்ளே இருந்த நம் ஆட்களின் சோற்றோடு மீன் துண்டு வந்ததாம்.

ஒரு மீன் துண்டு. இவ்வளவுதானா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். உள்ளே கிடந்தவனுக்கு அது எவ்வளவு என்று தம்பி முகத்தைப் பார்த்த எனக்குத் தெரியும். நலன் என்பது இருக்கிறது, மச்சான். அது பொய் இல்லை. பிடித்து வைப்பது மட்டும்தான் நலன் என்பதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். படித்தவர் எழுதினாலும் மாட்டேன், அச்சில் வந்தாலும் மாட்டேன்.

போன வாரம் மறுபடியும் நம் ஆட்களை அங்கே பிடித்துவிட்டார்கள். அவர்கள் படகு ஒன்றும் இங்கே சிக்கியிருக்கிறது. மீன் ஏலக்கூடத்தில் கூட்டம். எல்லோரும் “விடாதே, விடாதே” என்றார்கள். நான் எழுந்து நின்று, “விட்டுருங்க” என்றேன்.

“தாத்தா, ஒக்காரும். ஒமக்கு என்ன தெரியும்?” என்றான் ஒருவன்.

“எந் தம்பி உள்ள கெடக்கும்போதே விடச் சொன்னவன் நான். ஒந் தம்பி உள்ள இருக்கானாலே? இல்லல்லா? அப்பம் கொஞ்சம் பொறுத்துப் பேசு.”

சிரித்தார்கள். யாரோ விசிலடித்தான். பின்னால் நின்ற ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. அவள் புருஷன் அக்கரையில் இருக்கிறான். “எங்க வீட்டாளுதான் அங்கன கெடக்கு. பெரியவரு பேசட்டும்” என்றாள்.

பேசினேன், மச்சான். உன் குரலில் இல்லை, என் குரலிலேயே பேசினேன். முடிவு ஒன்றும் ஆகவில்லை. நாளைக்கும் கூட்டம் இருக்கிறது. தொண்டை கட்டியிருக்கிறது. போவேன்.