காகிதத்தில் எடுத்த அளவு

ஜூன் 14, சனி

காலையிலேயே வெயில். ஆம்பூர்த் தோல் வந்தது, நல்ல தோல். குத்தூசி தீட்ட வேண்டும்.

அப்பா டி. கல்லுப்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸில். சனிக்கிழமை என்றால் பழங்காநத்தம் கடைக்கு வந்துவிடுவார், வாசல் நாற்காலி அவருக்கு. "செருப்புத் தைக்கவா படிக்க வச்சேன்" என்று ஒரு வருஷம் பேசாமல் இருந்தவர். இப்போது வருகிறவர்களிடமெல்லாம், "மகன் கையாலயே பூட்ஸ் தைக்கிறான், வெளிநாட்டுக்கெல்லாம் போகுது." (போனது ஒரே ஜோடி. சிங்கப்பூர்.)

பதினொரு மணிக்கு ஒரு மாட்டு டாக்டர். செல்வம், என் வயதுதான். தல்லாகுளத்தில் வீடு. நாள் முழுக்கத் தொழுவத்தில் நிற்கிற வேலை, கணுக்கால் மூடும் பூட்ஸ் வேண்டும். பேச்சுவாக்கில் தெரிந்தது: எங்கள் ஊர். எங்கள் வயலில் கூலிக்கு வந்த மாடசாமியின் மகன்.

"காலனி மாடசாமி மகனா?" அப்பா. நாற்காலி கொஞ்சம் பின்னால் நகர்ந்தது.

காகிதமும் பென்சிலும் கொடுத்து, நீங்களே காலை வைத்து வரையுங்கள் என்றேன். குனிந்து வரைந்தார். ஒரு கால் போதும் என்றேன்.

கரண்ட் இரண்டு முறை போனது.

ஜூலை 7, திங்கள்

டாக்டர் செ. வந்து பூட்ஸ் வாங்கிப் போனார். தையல் நேர்த்தி. "இடது கொஞ்சம் பிடிக்குதுண்ணே." தோல் இளகிவிடும் என்றேன். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

மெழுகு நூல் தீர்ந்தது.

ஜூலை 17, வியாழன்

தூறல். ஒரு காலேஜ் வாத்தியார் அளவு கொடுக்க வந்திருந்தார். அவர் பாதம் என் மடியில், என் கையில் டேப். அப்போது செ. நொண்டிக்கொண்டு வந்தார். பையில் பூட்ஸ். இடது சுண்டுவிரலில் கட்டு.

"ஒரு பசு கன்னு போட நாலு மணி நேரம். உக்கார முடியல. கன்னு பொழைச்சிருச்சு, விரல்தான் புண்ணாப் போச்சு."

பிறகு என் மடியைப் பார்த்தார்.

"ஓ. இப்பிடித்தான் எடுப்பீங்களா?"

பையை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். வாத்தியார், "என்னங்க தம்பி, கை நின்னுருச்சு?"

எல்லாருக்கும் செய்வது: குதிகாலை உள்ளங்கையில் தாங்குவது. மேல்பாதத்தை அழுத்திப் பார்ப்பது. இரண்டு காலும் தனித்தனியாக. உட்கார்ந்து ஒரு தடவை, நின்று ஒரு தடவை.

செல்வத்துக்கு ஒன்றுகூடச் செய்யவில்லை. மூன்று வருஷமாக ஊரார் கால்களையெல்லாம் மடியில் வைக்கிறேன்.

ஜூலை 18, வெள்ளி

தல்லாகுளம் போனேன், செ. வீட்டுக்கு. அவர் மனைவி டீ கொடுத்தார். குடித்தேன். குடித்ததையே ஒரு பெரிய காரியமாக நினைத்தேனே, அதுவும் அசிங்கம்.

"அன்னைக்கு அப்பா இருந்தாரு, அதான்..." என்று ஆரம்பித்தேன்.

"அவர் இல்லாட்டித் தொட்டிருப்பீங்களா?"

பாக்கெட்டிலிருந்து டேப்பை எடுத்தேன். இப்போதே அளந்துகொள்கிறேன் என்றேன்.

"இங்க வேணாம். யாரும் பாக்காம தொட்டு என்ன ஆகப்போகுது? கடைக்கே வாரேன். உங்கப்பா இருக்கிற நாளாச் சொல்லுங்க."

"நாளைக்கு" என்று என் வாய்தான் சொன்னது. வண்டியில் திரும்பும்போது மூன்று தடவை போன் பண்ணி மாற்றிச் சொல்ல நினைத்தேன்.

ஜூலை 19, சனி

வெயில். அப்பா எட்டு மணிக்கே. செல்வம் வருகிறார், அளவு எடுக்க வேண்டும் என்றேன்.

"அதான் எடுத்தாச்சே."

"எடுக்கலப்பா."

பேப்பரை விரித்துக்கொண்டார்.

பத்தரைக்கு செ. வந்தார். அப்பாவுக்கு வணக்கம் வைத்தார். பேப்பர் இறங்கவில்லை. தரையில் உட்கார்ந்து அவர் இடது காலை என் மடிக்கு எடுத்துவைத்தேன். சுண்டுவிரலில் புதுத் தோல், ரோஸ் நிறம். குதிகாலை உள்ளங்கையில் தாங்கினேன். அப்பா எழுந்தார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு." அவர் பஸ் சாயங்காலம்தான். போய்விட்டார்.

மேல்பாதம் நல்ல உயரம். இடது கால் வலதைவிட நீளம்.

"மன்னிச்சிருங்க" என்றேன், அவர் காலைப் பார்த்தே.

"அளவ எழுதுங்கண்ணே. மறந்துறப் போறீங்க."