கதவுக்குத் தெரியாத ஆள்

அன்புள்ள அம்மாவுக்கு மகன் வணங்கி எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? மாத்திரையை நிறுத்திவிடாதே. நான் நலம்.

குளிர்பதனக் கிடங்கின் கணினிக்கு எது எந்த வகை என்று இணைத்துச் சொல்வதுதானே என் வேலை? காவலாளி ஓர் ஊழியர்; ஊழியர் ஒரு மனிதர்; மனிதர் உள்ளே இருந்தால் கதவைப் பூட்டக்கூடாது. மீதியை அதுவே யோசித்துக்கொள்ளும். கூட்டித் துடைக்கும் அக்கா ஒப்பந்த ஆள் என்பதால், அவரை ‘வெளிச்சேவை’ என்று மட்டும் இணைத்திருந்தார்கள்; வெளிச்சேவையும் மனிதர்தான் என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை. போன வாரம் அவர் உள்ளே இருக்கும்போதே, யாருமில்லை என்று முடிவுகட்டிக் கதவு பூட்டிக்கொண்டது. பயப்படாதே, உயிர் பிழைத்துவிட்டார். குளிரில் உறைந்துபோன விரல்களைத்தான் எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும், “ஆள் இருக்கேன், ஆள் இருக்கேன்னு தொண்டை கிழியக் கத்தினேன் தம்பி” என்றார்.

மேலாளர் என்னிடம், “ஒரு இணைப்பு விட்டுப்போச்சு, போட்டுடுங்க” என்றார், அவ்வளவுதான். போட்டேன். பிறகு அதே கணினியில் என்னைத் தேடிப் பார்த்தேன். நானும் வெளிச்சேவைதான். என்னையும் மனிதர் கணக்கில் சேர்த்துவிட்டேன், சிரிக்காதே.

கம்பளிக் காலுறை இருந்தால் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை போன் செய். விஷயம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வீட்டில் கூப்பிடுகிற பேரைச் சொல்லி இரண்டு தடவை கூப்பிடு, போதும். பஸ் வந்துவிட்டது.

உன் மகன்