மச்சான் போட்ட பூட்டு

மார்ச் 3
இன்று முதல் நான் தீ பாதுகாப்பு அலுவலர். நேற்று வரை இதே தையல் கம்பெனியில் பட்டன் எண்ணிக்கொண்டிருந்தவன்! முதலாளி, அதாவது என் மனைவியின் அண்ணன், கழுத்தில் அட்டையை மாட்டிவிட்டார். "சட்டப்படி ஒருத்தர் பேர் வேணுமாம் மாப்பிள்ளை. வேலை ஒண்ணும் இல்ல, கையெழுத்து மட்டும்தான்." நமக்கும் ஒரு பதவி. வந்தவரை லாபம்.

மார்ச் 5
தீயணைப்புத் துறை ஆய்வாளர் போன் செய்தார். "நாளைக்குப் பத்தரைக்குத் திடீர் சோதனைக்கு வர்றேன். இருப்பீங்கல்ல?"

மார்ச் 6
மூன்றாம் மாடிப் பின்கதவுதான் அவசர வழி. வருடம் முழுக்கப் பூட்டு. பெண்கள் பின்படியில் நின்று போன் பேசுகிறார்களாம். காலையில் பூட்டு கழன்றது. படியை அடைத்திருந்த துணிமூட்டைகள் மொட்டைமாடிக்கு ஏறின. ஆய்வாளர் கதவைத் திறந்து மூடிப் பார்த்து "பிரமாதம்" என்றார். 'கதவு எப்போதும் திறந்திருக்கும்' என்ற தாளில் நான் கையெழுத்துப் போட்டேன். பதினொன்றேகாலுக்கு அவர் கிளம்பினார். பதினொன்றரைக்குப் பூட்டும் வந்தது, மூட்டைகளும் இறங்கின. சாவி மச்சான் பையில்.

மார்ச் 8
மதியம் மூன்றாம் மாடியில் தைக்கும் மனைவியைப் பார்க்கப் போனேன். அவள் மெஷின் பின்கதவை ஒட்டி. முன்வாசலுக்குப் போக இஸ்திரி மேசையைத் தாண்ட வேண்டும். அந்த மேசையே பற்றினால்? அவள் எங்கே போவாள்? திறந்திருக்கிறது என்று எழுதிக்கொடுத்த மகாராசன் யார் — நான்தானே! த்தூ.
பூட்டை எடுக்கச் சொல்லி மச்சானிடம் கெஞ்சினேன். "அட்டை மாட்டினா நிஜமாவே அலுவலர்னு நினைப்பா மாப்பிள்ளை?" என்று சிரித்தார்.

மார்ச் 11
மச்சான் வெளியூர். தச்சரை அழைத்துக் கதவைக் கீலோடு பெயர்த்தாயிற்று. மூட்டைகளை நானே சுமந்தேன், இடுப்பு கழன்றுவிட்டது. பூட்டு பத்திரமாகக் கதவிலேயே தொங்குகிறது. மச்சான் கேட்டால் காட்டலாம்.

மார்ச் 12
ஆய்வாளர் சான்றிதழோடு வந்தார்.
"யோவ், இங்க இருந்த கதவு எங்க?"
"திறந்தே இருக்கணும்னுதானே சார் சட்டம்?"
"திறக்கறதுக்குக் கதவு வேணாமாய்யா!"
சான்றிதழ் பைக்குள் திரும்பியது. நோட்டீஸ் வெளியே வந்தது, என் பெயருக்கு. பூட்டிய கதவுக்குப் பாராட்டு, பூட்டாத வழிக்கு நோட்டீஸ். நல்ல நியாயம்டா சாமி.

மார்ச் 13
பற்றியே விட்டது. இஸ்திரி மேசை ஒயர். மாடி முழுக்கப் புகை. முன்வாசல் பக்கம் இருந்தவர்கள் அப்படியே ஓடினார்கள், மற்ற இருபத்துமூன்று பேர் பின்படியில். தெருவில் நின்று தலை எண்ணினேன். முப்பத்தொன்பது. இரண்டு குறைகிறது. அவளைக் காணோம். "அடியே, எங்கடி இருக்கே!" — ஊரே பார்க்க அலறினேன். காலைச் சுளுக்கிக்கொண்ட ஒருத்தியைத் தாங்கியபடி கடைசியாக இறங்கினாள். "கத்தாதீங்க, வந்துட்டேன்ல." நடைபாதையில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமெல்லாம் வரவில்லை.

மார்ச் 14
மச்சான் வந்தார். கட்டிப்பிடித்தார். "மாப்பிள்ளை, நீங்க தெய்வம்."

மார்ச் 24
புதுக் கதவு வந்தாயிற்று. புகையைத் தடுக்குமாம், தள்ளினால் திறக்குமாம், எல்லாம் விதிப்படி. இன்று கம்பெனி மறுபடி திறப்பு. எட்டரைக்கு மச்சான் வந்தார், கையில் புதுப் பூட்டு.
நாற்பத்தொரு பெண்களும் பின்படியில் நின்றார்கள். யாரும் உள்ளே போகவில்லை.
"போங்கம்மா, நேரமாச்சு" என்றார்.
என் மனைவி முன்னால் வந்தாள். "அண்ணா, அந்தப் பூட்டை வீட்டுல வச்சுட்டு வா. அப்புறம் உட்கார்றோம்."
மச்சான் என்னைப் பார்த்தார். நான் போய் அவள் பக்கத்தில் நின்றேன்.
ஒன்பதேகாலுக்கு வெறுங்கையோடு திரும்பி வந்தார். அதன்பிறகுதான் மெஷின்கள் ஓடின.