ஜீவனாம்ச பாக்கிக்கு மக்காச்சோளம்

மாசி 4, திங்கள்
பனி. வெங்காயம் காயப்போட்டேன். அரியலூர் கோர்ட்டு நோட்டீஸ் வந்தது, மகன் குமார் பேருக்கு. முதியோர் பள்ளியில் கற்ற எழுத்து எனக்கு, பாதிதான் புரிந்தது. பிரிந்துபோன மருமகள் செல்விக்கும் பேத்திக்கும் கட்ட வேண்டிய மாத ஜீவனாம்சம் பாக்கி. கட்டாவிட்டால் ஜெயில். 

மாசி 5
குமாரோடு பெரம்பலூர், வக்கீல் ஆபீஸ். அவன் வேலை போனதைச் சொல்லித் தொகையைக் குறைக்கத் தனி மனு போடலாமாம். அது இனி வரும் மாதங்களுக்கு. பழைய பாக்கி அப்படியே நிற்கும்.
"உள்ள போயிட்டு வந்தும் கட்டணுமா சார்?" என்றான் குமார்.
"பின்ன? ஜெயில்ல இருக்கறது என்ன கூலி வேலையா, கழிச்சுக்க?"
குமார் என்னைக் காட்டினான். "அப்பா அவ வூட்ல மக்காச்சோளம் எறக்குனாருல்ல. அதைக் கழிங்க."
"நீ குடுத்துவிட்டதுன்னு பெரியவர் கூண்டுல ஏறிச் சொல்லட்டும். கேட்டுப் பாக்கலாம்."

மாசி 7
மக்காச்சோளம் நான் விதைத்தது. குமாருக்குத் தெரியாமல் மினி வேனில் ஏற்றியது. தெரிந்ததும், "அவளுக்கு எதுக்கு அள்ளிக் குடுக்குற?" என்று கத்தினான். அன்று அவன் போட்டிருந்த சட்டை நிறம்கூட நினைவில் இருக்கிறது.
இன்று: "ஒரே வார்த்தைப்பா. இல்லன்னா என்னைய உள்ள தள்ளிடுவாங்க."
 எழுந்து பசுவுக்குத் தண்ணீர் காட்டப் போனேன்.

மாசி 11, திங்கள்
அரியலூர். சிமெண்ட் லாரிப் புழுதி. கோர்ட்டு வராண்டாவில் செல்வி.
"வாங்க மாமா. சாப்டீங்களா?"

கூண்டு. ஏறிக் கட்டையைப் பிடித்துக்கொண்டேன்.
"மக்காச்சோள மூட்டை மகன் குடுத்துவிட்டதா?" ஜட்ஜ் கேட்டார்.
குமார் கனைத்தான்.
"இல்லிங்க ஐயா. என் காட்டுது. அவனுக்குத் தெரியாம போட்டேன்."
குமாருக்கு ஒரு மாதம் ஜெயில். பணம் கட்டினால் முன்பே விடுவார்களாம். போலீஸ் கூட்டிப்போனது. குமார் என் முகத்தைப் பார்க்கவில்லை.
செல்வி பஸ் ஏற்றிவிட்டாள். "இதையும் நீங்களே கட்டிடாதீங்க மாமா. அவரு கட்டட்டும்."

மாசி 12
வெயில். உள்ளே அடிப்பார்களா? யாரைக் கேட்பது.
மாட்டு வியாபாரிக்கு ஆள் அனுப்பினேன். வந்தார், பசுவின் பல்லைப் பிடித்துப் பார்த்தார்.
"விக்கலைங்க" என்றேன்.
"அப்பறம் எதுக்குய்யா வரச் சொன்ன?"
போனார். தெருமுனை திரும்புவதற்குள் கூப்பிட்டுவிட்டேன்.