ஐஸ் கிடங்கு மூலை

அக்டோபர் 6, 1994
மழை. ஊர்ச் சங்க மண்டபத்தில் ஒத்திகை. எங்கள் ஊர்த் திருவிழா மேளத்தை நகர மண்டபத்தில் வாசிக்கப் போகிறோம். அதை மேடைக்கு ஏற்ற மாதிரி அமைத்தவள் சவாகோ. செண்டாய் நகரத்தில் இருந்து வந்த பெண், சாக்கே மதுக்கடை வீட்டு மருமகள். கெட்டிக்காரி. பெரிய மேளம் என் பேத்தி மிட்சுகிக்கு. சின்ன மேளத்தில் அடித்தாளம் எனக்கு! எல்லாரும் என் தாளத்தைப் பிடித்துக்கொண்டுதான் வாசிக்கவேண்டும். மீன் சந்தையில் இதை நான் சொல்லாத ஆள் பாக்கியில்லை.

சவாகோ தாளத்தைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். அஞ்சாம் வகுப்போடு நின்றவளுக்கு அந்தப் புள்ளியும் கோடும் எதற்கு? வாயால் சொன்னால் போதும் — தெகெ தெகெ தெகெ தெகெ.

அக்டோபர் 13
பெரிய மேளத்தின் ஓசை ஏறி வரும் இடத்தில் மறுபடியும் என் கை ஒரு மூச்சு நின்றுவிட்டது. எல்லார் தாளமும் சரிந்தது.

"என்ன பாட்டி, தூங்கிட்டியா?" என்றாள் மிட்சுகி.

"போடி, உங்க தாத்தாவைப் போய்க் கேளு."

சிரித்தார்கள். சவாகோ சிரிக்கவில்லை.

அங்கே நிற்கத்தானே வேணும்? திருவிழாவில் பல்லக்கு மேடேறி ஐஸ் கிடங்கு மூலை திரும்பும்போது தூக்குகிறவர்கள் தோள் மாற்றுவார்கள். அதுவரை மேளம் ஒரு மூச்சு காத்திருக்கும். இந்த ஊரில் பிறந்த கைக்கு வேறு மாதிரி வராது. சவாகோவிடம் சொன்னேன்.

"மேடையில யாரும் எதையும் தூக்கலியே, ஷிகெனோம்மா" என்றாள்.

அக்டோபர் 20
"முப்பதாம் தேதி ஒத்திகையிலயும் நின்னா, அடித்தாளத்தை இட்சுகோ வாசிக்கட்டும். நீங்க அவ சேகண்டியை எடுத்துக்கோங்க" என்றாள் சவாகோ.

சேகண்டியாம். எனக்கு! பேத்தி முன்னால.

அக்டோபர் 22
படகுக் கொட்டகையில் மேளத்துக்குப் பதில் பழைய டயரைப் போட்டு அடித்துப் பார்த்தேன். அந்த இடம் வந்ததும் நிற்கிறது.

ஏன் என்று எனக்குத் தெரியாதா? சொல்லத்தான் கூச்சம். அப்போதெல்லாம் பெண்கள் மேளத்தைத் தொடக்கூடாது. கிடங்குச் சுவரோரம் நின்று பார்ப்போம். அடித்தாளம் அவர்தான். கை ஓயும் அந்த ஒரு மூச்சில் தலையை நிமிர்த்தி எங்கள் பக்கம் பார்ப்பார். என்னைத்தான். கல்யாணத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. அவர் கண்ணை மூடுவதற்கு முந்தின திருவிழா வரைக்கும் பார்த்தார்.

இப்பவும் தோஃபு வாங்கப் போனால் அந்த மூலையில் ஒரு மூச்சு நின்றுவிட்டுத்தான் நடக்கிறேன். அதைப் போய் விடுன்னா எப்படி விடுறது?

அக்டோபர் 25
மிட்சுகி கொட்டகைக்கு வந்தாள். அவளிடம் சொல்லிவிட்டேன். குச்சியை எடுத்து என் கையில் வைத்தாள்.

"தாத்தா பார்க்கத்தானே நின்னாரு? நீயும் பாரு பாட்டி. கை அது பாட்டுக்கு ஓடட்டும்."

பேச்சைப் பாரு. யார் பேத்தி!

அக்டோபர் 30
தடுமாறினேன். ஆனால் நிற்கவில்லை. சவாகோ சேகண்டியை இட்சுகோ கையிலேயே கொடுத்தாள்.

நவம்பர் 13
நகர மண்டபம். நீலச் சட்டை, தலையில் முறுக்கின துண்டு.  மிட்சுகியின் முதுகு மட்டும் தெரிந்தது, அவள் பெரிய மேளத்தை அடிக்கிற அடி என் வயிற்றில் விழுந்தது.

அந்த இடம் வந்தது. கை ஓடியது. தலையை நிமிர்த்தினேன்.

முன் வரிசையில் நம்மூர்க் கிழவர்கள், பல்லக்குத் தூக்கினவர்கள். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த தோகிசோ வலது தோளை இறக்கி இடது தோளை ஏற்றினார். பக்கத்தில் இருந்தவரும். அதற்கும் அடுத்தவரும். ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவில்லை. வரிசையே தோள் மாற்றியது.

தெகெ தெகெ தெகெ — எப்படி அடித்து முடித்தேனோ.

வெளியே தோகிசோ பிடித்துக்கொண்டார். "என்ன ஷிகெனோ, மேளம் நிக்கவே இல்ல? பல்லக்கைக் கீழ போட்டிருப்போம்!"

"மேடையில யாரும் எதையும் தூக்கலியே" என்றேன்.

சவாகோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நவம்பர் 16
தோஃபு வாங்கி வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் ஞாபகம் வந்தது. மூலையில் நிற்காமலே வந்திருக்கிறேன்.