சுவரோரம் ஓர் இடைவெளி

லிடன், ஷ்ரோப்ஷயர்
14 ஜூன் 1981

அன்புள்ள தோரா,

நீ உன் அண்ணன் வீட்டுக்குப் போய் இன்றோடு எட்டு வாரம். திரும்பி வருவாயா என்று கேட்கக் கூடாது என்றாய். எழுதியே ஆகவேண்டுமென்றால் தோட்டத்தைப் பற்றி எழுது என்றாய். சரி. கேட்கவில்லை. தோட்டம்.

சுவரோரம் ஒன்று பூத்திருக்கிறது. சிவப்பு. கைக்குட்டை அளவு. இஸ்திரி போடாத துணி போலக் கசங்கியபடியே விரிகிறது. உள்ளே கருப்பு. அதன் காலடியில் ஊதாவாக ஏதோ சாய்ந்து கிடக்கிறது. பக்கத்து வீட்டு மிஸஸ் பியூவின் பூனை அதன்மேல் விழுந்து புரள்கிறது. இரண்டையும் நீதான் அருகருகே வைத்தாயா? தானாக வந்து சேர்ந்தவையா?

மிஸஸ் பியூ ஓட்டி வந்த பள்ளிப் பேருந்தை நிறுத்திவிட்டு வந்து சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார். சிவப்பின் பெயரைக் கேட்டேன்.

"ஒம்பது வருஷமா இந்த வீட்ல இருக்கியேப்பா. பொண்டாட்டி பேராவது தெரியுமா?"

பூவின் பெயரைச் சொல்லாமலே போய்விட்டார். நீ சொல்.

ஆல்வின்


ஸ்ட்ரோம்னஸ், ஆர்க்னி
22 ஜூன் 1981

அன்புள்ள ஆல்வின்,

பாப்பி. ஒன்பது ஜூனிலும் அங்கேதான் பூத்தது.

நான்தான் வைத்தேன். அது சத்தம் போடும் பூ. பக்கத்தில் ரோஸ் நிறம் வைத்தால் இரண்டும் சண்டைக்கு நிற்கும். மூன்றாம் வருடம் வெள்ளை வைத்துப் பார்த்தேன். படுக்கை விரிப்பில் ரத்தம் பட்டது போலிருந்தது. கடைசியில் பூனைப்புதினா ஒத்துப்போனது. சாம்பல் இலை, மங்கிய ஊதா. மெதுவாகப் பேசும்.

செடியைத் தேர்ந்தெடுப்பது எளிது. பக்கத்தில் யார் என்பதில்தான் எல்லாமே. உயரம், நிறம் எல்லாம் பிறகு. யார் எப்போது போவார், போன பிறகு அந்த இடத்தில் யார் எழுந்து நிற்பார் என்று முதலில் யோசிப்பேன்.

இந்தத் தீவில் மரமே இல்லை. காற்றுதான் தோட்டக்காரன். அண்ணன் உருளைக்கிழங்கைத் தவிர எதையும் செடியென்று ஒப்புக்கொள்வதில்லை.

பின்வரிசை நீலம் டெல்ஃபினியம். நத்தை தின்கிறதா? குனிந்து பார்த்துவிட்டு எழுது. ஊகித்து எழுதாதே.

தோரா


லிடன்
2 ஆகஸ்ட் 1981

அன்புள்ள தோரா,

குனிந்து பார்த்தேன். தின்கிறது. தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் நத்தை பொறுக்குகிறேன். நேற்று முப்பத்தொன்று.

கெட்ட செய்தி ஒன்று. பாப்பி செத்துவிட்டது. ஜூலை நடுவில் இலைகள் பழுப்பாயின. பிறகு படுத்துவிட்டன. தண்ணீர் ஊற்றினேன். பயனில்லை. போன சனிக்கிழமை தோண்டி எடுத்துக் குப்பைக் குவியலில் போட்டேன். வேர் கேரட் போல ஆழமாக இறங்கியிருந்தது. பாதியில் ஒடிந்தது.

சுவரோரம் பெரிய ஓட்டை. மிஸஸ் பியூ தன் தோட்டத்திலிருந்து ஓர் ஆஸ்டர் பூச்செடியைப் பிரித்து சுவருக்கு மேலாக நீட்டினார். நன்றி என்றேன். அவ்வளவுதான்.

"அட கெடுத்தியே! செடி குடுத்தா நன்றி சொல்லுவாங்களா? இனி அது வேர் புடிச்ச மாதிரிதான்! உங்க ஊர்ல ஒண்ணும் சொல்லித் தரலையா?"

"லீட்ஸ்ல நன்றி சொல்லலேன்னாதாங்க அடிப்பாங்க."

"அப்ப லீட்ஸ்லயே போயி நடு."

ஆனாலும் செடியைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. ஓட்டையில் நட்டுவிட்டேன். இது என்ன வழக்கம்? உனக்குத் தெரியுமா?

ஆல்வின்


ஸ்ட்ரோம்னஸ்
11 ஆகஸ்ட் 1981

ஆல்வின்,

அது சாகவில்லை.

ஒவ்வொரு ஜூலையிலும் அப்படித்தான் செய்யும். பூத்து முடித்ததும் மண்ணுக்குள் போய்விடும். கொஞ்சம் தூக்கம். அவ்வளவே. ஒன்பது ஜூலை. நீ அந்த வீட்டில்தான் இருந்தாய். நிலத்தை அளப்பவன் நீ; வேலி ஓர் அங்குலம் தள்ளியிருந்தால் உனக்குத் தெரியும். இது தெரியாது.

அந்த ஓட்டை உன் கண்ணில் படாததற்குக் காரணம் நான். அங்கே தொட்டிகளைக் கொண்டுவந்து வைத்து மூடுவேன். வருடா வருடம். உனக்குத் தோட்டம் எப்போதும் நிறைந்திருந்தது.

போனதையும் செத்ததையும் உன்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை என்றால் எதை எழுதுவது? கொஞ்ச நாள் எழுத வேண்டாம்.

தோரா


லிடன்
4 அக்டோபர் 1981

அன்புள்ள தோரா,

எழுத வேண்டாம் என்றாய். இது தோட்டச் செய்தி மட்டும்.

நன்றி சொல்லியும் ஆஸ்டர் பூத்துவிட்டது. மிஸஸ் பியூவுக்கு வருத்தம்.

அதன் நடுவே இலைகள். ரோமம் அடர்ந்து, ஓரம் ரம்பம் போல. மூன்று இடத்தில். களை என்று கை வைத்தேன். நிறுத்தினேன். மண்டியிட்டு விரலால் மண்ணை விலக்கினேன். ஒடிந்த வேர்.

"அதை ஒழிக்கணும்னா நீ வீட்டையே தோண்டணும்ப்பா" என்கிறார் மிஸஸ் பியூ.

நான் ஒன்றைக் கொன்றேன் என்று நினைத்தேன். மூன்றாகியிருக்கிறது. இதற்கு என்ன பொருள் என்று தெரியவில்லை. பொருள் இருக்கிறதா என்றும் தெரியவில்லை. இலையை வரைந்து உள்ளே வைத்திருக்கிறேன், அளவோடு.

ஆல்வின்


லிடன்
17 ஜனவரி 1982

அன்புள்ள தோரா,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. குறை சொல்லவில்லை.

இத்துடன் ஒரு பொட்டலம். ஈரச் செய்தித்தாளில் பாப்பியின் ஐந்து வேர்த்துண்டுகள், பென்சில் கனம். தலைப்பக்கம் நேராக வெட்டியிருக்கிறேன், அடிப்பக்கம் சாய்வாக. தலைகீழாக நட்டால் வராதாம். உனக்குத் தெரிந்திருக்கும். எனக்கு இந்த வாரம்தான் தெரிந்தது.

அங்கே காற்றில் நிற்குமா? தெரியாது. உன்னிடம் ஒன்று இருக்கட்டும் என்று தோன்றியது.

வருகிற ஜூலையில் தொட்டிகளைக் கொண்டுவந்து மூடப் போவதில்லை. அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்றிருக்கிறேன்.

ஆல்வின்


ஸ்ட்ரோம்னஸ்
9 மார்ச் 1982

அன்புள்ள ஆல்வின்,

பொட்டலம் வந்தது. ஒரு துண்டில் இரு பக்கமும் சாய்வு. எது தலை என்று தெரியாமல் அதைப் படுக்கவைத்து நட்டேன். முதலில் முளைத்தது அதுதான்.

அண்ணன் எட்டிப் பார்த்தான். "இதைத் திங்கலாமா?" என்றான். முடியாது என்றதும் போய்விட்டான்.

நிலத்தில் வைக்கவில்லை. சன்னலோரத் தொட்டிகளில் இருக்கின்றன. இவற்றுக்குத் தொட்டி பிடிக்காது; வேர் ஆழம் தேடும். மே கடைசிக்குள் மண்ணில் இறக்க வேண்டும். இந்தக் காற்றில் இங்கே முடியாது.

ஆஸ்டரை இரண்டு சாண் இடப்பக்கம் நகர்த்து. இப்போதே செய்; தளிர் நீண்டால் தாங்காது. ஐந்து செடிக்கு இடம் வேண்டும். அளந்து வை. அது உனக்கு வரும்.

வேர்கள் அனுப்பியதற்கு உனக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வேண்டுமென்றேதான் எழுதவில்லை. ஏனென்று மிஸஸ் பியூவைக் கேள்.

தோரா